உப்புநீர் மீன்தொட்டிக் கருவிகளை வினிகராலும் சிட்ரிக் அமிலத்தாலும் சுத்தம் செய்வது: முழுமையான வழிகாட்டி

தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் பலர் புது வேவ்மேக்கர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். உப்புநீர்த் தொட்டியில் பம்ப் இரைவதற்கும், நீரோட்டம் தளர்வதற்கும், ஹீட்டர் மந்தமாவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உள்ளே சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. அதை எடுக்கச் சமையலறை அலமாரியில் இருக்கும் வினிகரே போதும். அமிலத்துக்கு நேரம் கொடுத்தால் அது தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும். நேரம் கொடுக்காமல் கத்தியையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுக்கும்போதுதான் கருவி கெடுகிறது.

எனக்கு இது ஒரு பீங்கான் தண்டு உடைந்த இரவில் புரிந்தது. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் ரோட்டார், அதாவது உள்ளே சுழலும் காந்த உருளை, வெளியே வரவில்லை. சுற்றிலும் வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை ஓரத்தில் விட்டு லேசாக நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பென்சில் முனை தடிமன்கூட இல்லாத அந்தத் தண்டு இரண்டாகிவிட்டது. மாற்றுத் தண்டு கையில் இல்லாததால், இருந்த ஒரு சின்ன பவர்ஹெட்டை (தொட்டிக்குள் மூழ்கி ஓடும் சிறு பம்ப்) வைத்து விடியும்வரை தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே பம்பை அரை மணி நேரம் வினிகரில் ஓடவிட்டிருந்தால் ரோட்டார் விரலோடு வந்திருக்கும்.

படிவது என்ன?

பவளப்பாறைத் தொட்டிகளில் கால்சியத்தை லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும், காரத்தன்மையை 8 முதல் 11 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வரையிலும் வைத்திருக்கிறோம். பவளங்கள் எலும்புக்கூடு கட்ட இவை இரண்டும் வேண்டும். ஆனால் இந்த அளவில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, எப்போது வேண்டுமானாலும் திடப்பொருளாகப் பிரியத் தயாராகவே தண்ணீரில் இருக்கிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே அது முதலில் படியும். சர்க்கரையும் உப்பும் வெந்நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். அதனால்தான் ஹீட்டரின் உடலிலும், பம்ப் மோட்டாரை ஒட்டிய ரோட்டார் அறையிலும் முதலில் வெள்ளை பூக்கிறது.

இதோடு உயிருள்ளவையும் சேர்ந்துகொள்கின்றன. இளஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் படரும் கோரலைன் பாசி, தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்ளும் பாசி. கடுகைவிடச் சிறிய வெள்ளைச் சுருள்களாக ஒட்டியிருப்பவை குழாய்ப்புழுக்கள். கூர்மையான சிறு குழாய்களாக நீட்டிக்கொண்டு விரலைக் கிழிப்பவை வெர்மெட்டிட் நத்தைகள். இவை எல்லாவற்றின் ஓடும் சுண்ணாம்புதான். ஆகவே எல்லாமே அமிலத்துக்குக் கரையும்.

வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டோடு சேரும்போது கால்சியம் அசெட்டேட், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு என மூன்றாகிறது. முதலாவது தண்ணீரிலேயே கரைந்துவிடும். கடைசியாகச் சொன்னதுதான் நீங்கள் பார்க்கும் குமிழி. குமிழி வந்துகொண்டிருக்கும்வரை வேலை நடக்கிறது என்று பொருள்.

முதலில் ஒரு சொட்டுச் சோதனை

வெள்ளையாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பு இல்லை. தொட்டி விளிம்பிலும் வயர்களிலும் பொரிந்திருப்பது பெரும்பாலும் உப்பு. அதற்கு அமிலமே வேண்டாம், ஈரத்துணி போதும். நுரை கட்டித் தண்ணீரின் கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மரின் கழுத்தில் இருக்கும் பழுப்பு வழவழப்பு கரிமக் கழிவு. அதற்கும் அமிலம் பெரிதாக உதவாது, பிரஷ்தான் உதவும். சந்தேகம் இருந்தால் பொருளை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அந்த இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சிறுசிறு குமிழிகள் எழுந்தால் சுண்ணாம்பு. ஒன்றும் நடக்காவிட்டால் வேறு ஏதோ, அல்லது சுண்ணாம்பின் மேல் ஒரு வழவழப்புப் படலம் மூடியிருக்கிறது. விரலால் தேய்த்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

வினிகரா, சிட்ரிக் அமிலமா?

இரண்டும் நல்லவையே. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

வினிகர் என்றால் நிறமற்ற வெள்ளை வினிகர், 5 சதவீத அசெட்டிக் அமிலம் கொண்டது. ஆப்பிள் வினிகர், மால்ட் வினிகர் போன்ற நிறமுள்ளவை வேண்டாம். அவற்றில் வேறு கரிமப் பொருள்களும் இருக்கும். சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் வினிகரை வாங்கினால் லேபிளைப் படியுங்கள். வாசனையோ சோப்போ சேர்த்திருந்தால் அது தொட்டிப் பொருள்களுக்கு ஆகாது. எலுமிச்சைச் சாற்றிலும் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, ஆனால் அதோடு சக்கையும் சர்க்கரையும் தோல் எண்ணெயும் வரும். அதைச் சமையலுக்கு விட்டுவிடுங்கள்.

சிட்ரிக் அமிலம் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். உணவுத் தரத்தில் உள்ளதை வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் என்பது நல்ல அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கரைசலில் உள்ள அமிலத்தின் அளவும் 5 சதவீத வினிகரில் உள்ளதும் ஏறக்குறைய ஒன்றுதான். வாடை கிடையாது, வைத்திருக்கவும் இடம் அடைக்காது. பெரிய வாளி நிறையக் கரைசல் தேவைப்படும்போது இதுவே வசதி.

ஆனால் சிட்ரிக் அமிலத்துக்கு ஒரு குணம் உண்டு. சுண்ணாம்போடு சேர்ந்தால் அது கால்சியம் சிட்ரேட் ஆகிறது, அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சூடு ஏறினால் இன்னும் குறைவாகக் கரையும். நிறையப் படிவு இருக்கும் பம்பை, சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்கும் சிட்ரிக் கரைசலில் போட்டால், ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளையைப் பூசியது போல மாவு மாதிரி ஒரு படலம் மிஞ்சும். எனவே சிட்ரிக் என்றால் அறை வெப்பநிலைத் தண்ணீர். படிவு அதிகமாக இருந்தால் கரைசலை இருமுறை மாற்றுங்கள். வினிகருக்கு இந்தத் தொல்லை இல்லை. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வைத்தால் வேகமாகவே வேலை செய்யும்.

எவ்வளவு கரைக்கும்? காகிதக் கணக்கில் ஒரு லிட்டர் 5 சதவீத வினிகர் சுமார் 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். நடைமுறையில் பாதி தாண்டும்போதே வேகம் நன்றாகக் குறைந்துவிடும். படிவு இன்னும் இருக்கிறது, குமிழி நின்றுவிட்டது என்றால் கரைசல் களைத்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிமிடங்களில் முடித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் புகை மூச்சுக்குழாயைச் சுடும், உலோகத்தை அரிக்கும், தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. வினிகர் ஒரு ராத்திரியில் செய்துவிடும் வேலைக்கு அந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.

கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அமிலத்தையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ப்ளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நச்சு. நேற்று ப்ளீச் கலந்த வாளியைச் சரியாக அலசாமல் இன்று வினிகர் ஊற்றினாலும் இதே ஆபத்துதான். நான் ப்ளீச்சுக்கு ஒரு வாளி, அமிலத்துக்கு ஒரு வாளி என்று வேறு வேறு நிறத்தில் வைத்திருக்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரோடு கலக்க வேண்டாம். பெராசெட்டிக் அமிலம் என்ற அரிக்கும் பொருள் உருவாகும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரைக்கவிடுவதில் ஆபத்து இல்லை, பயனும் இல்லை. ஒன்றை ஒன்று முறித்துவிடும், நுரைதான் மிச்சம்.

அடுத்தது பாலிடாக்சின். ஜோவாந்திட் வகைப் பவளங்கள், குறிப்பாக பாலித்தோவா, சில சமயம் பம்ப் மேலேயே படர்ந்துவிடும். இவற்றில் சிலவற்றில் இருக்கும் பாலிடாக்சின் மிகக் கடுமையான நச்சு. இவை ஒட்டியிருந்த பாறைகளை வெந்நீரிலும் நீராவியிலும் சுத்தம் செய்யப்போய், அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கருவியில் பொத்தான் பூப் போன்ற பவளம் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். அமிலம் அதைச் செயலிழக்கச் செய்யும் என்றும் நம்பிவிடாதீர்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்து, தண்ணீருக்கு அடியில் வைத்தபடியே முழுசாகப் பெயர்த்தெடுங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியை, தேவைப்பட்டால் கருவியையே, விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

மற்றபடி வழக்கமான ஒழுங்குகள்தான். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். சிட்ரிக் தூளைக் கொட்டும்போது தூசி கண்ணில் படும், அதற்கும் கண்ணாடி வேண்டும். வாளியைப் பளிங்குத் தரையிலோ மேடையிலோ வைக்காதீர்கள். பளிங்கும் சுண்ணாம்புக் கல்தான், சிந்திய இடமெல்லாம் மங்கிப்போகும்.

பம்பும் வேவ்மேக்கரும்

எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது இன்னொன்று தொட்டியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீரோட்டம் நின்றால் மேற்பரப்பில் காற்று கலப்பது நின்றுவிடும். மீன் அதிகமுள்ள தொட்டியில் ஆக்சிஜன் வேகமாக இறங்கும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பம்பை வெளியே எடுங்கள். ரிட்டர்ன் பம்பை நிறுத்தும்போது மேல்தொட்டியிலிருந்து சம்ப் எனும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும் தண்ணீருக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததை நேராக அமிலத்தில் போட வேண்டாம். ஒரு வாளி தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள், அவ்வப்போது மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே குடியிருக்கும் நகத்தளவு நொறுங்கு நட்சத்திரங்கள் (நட்சத்திர மீன் போன்றவை), இறால் குட்டி போலத் துள்ளும் ஆம்பிபாடுகள், முள்புழுக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடலாம். தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கப் பாடுபடுபவை அவை. அமிலத்தில் சாக வேண்டியதில்லை. முள்புழுவின் ரோமம் கையில் ஏறினால் எரியும், அதனால் இந்தக் கட்டத்திலேயே கையுறை போட்டுவிடுங்கள்.

அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பாசியையும் வழவழப்பையும் தேய்த்துவிடுங்கள். அந்தப் படலம் இருந்தால் அமிலம் சுண்ணாம்பைத் தொடாது. இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிடுவதால்தான் பலருக்கு வினிகர் வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது.

இப்போது பம்பைப் பிரிக்காமலே, அது முழுக்க மூழ்கும் அளவு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் வைத்து, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடவிடும் முன் வயரில் வெட்டோ விரிசலோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளக், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் நிலக்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பில் இருக்கட்டும், தண்ணீர் வயர் வழியே பிளக்குக்கு ஓடாதபடி வயர் ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும், ஓடும்போது வாளிக்குள் கை விடாதீர்கள். கண்ணாடிக்கு வெளியே ஒரு பாதியும் உள்ளே ஒரு பாதியுமாகக் காந்தத்தால் ஒட்டும் வேவ்மேக்கர் என்றால், வெளிப்பாதி தண்ணீரே படக்கூடாதது. உள்பாதியை மட்டும் ஊறவையுங்கள்.

சில நிமிடங்களில் தண்ணீர் பால் போல வெளுத்து, மேலே நுரை கட்டும். வாளியை ஒரு பலகையால் தளர்வாக மூடலாம், இறுக்கி மூடக்கூடாது. வாயு வெளியேற வழி வேண்டும். சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் சரளைக்கல் உருட்டுவது போலக் கேட்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல இறங்கி ஒரே சீரான முனகலாகும். ஓடாமலே நின்றுவிட்ட பம்ப் என்றால் ஓடவிட முயலாதீர்கள். ஒரு ராத்திரி வினிகரில் ஊறவிடுங்கள். செத்துவிட்டது என்று ஓரம்கட்டிய பம்ப் ஒன்று இப்படி மறுநாள் காலை ஓடத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அரை மணிக்குப் பிறகு மின்சாரத்தைத் துண்டித்துப் பிரியுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் புஷ் எந்தப் பக்கம், வாஷர் முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் மூன்று மணி நேரம் கழித்து நினைவிருக்காது. மூடியைத் திருகி எடுத்ததும் இம்பெல்லரை (ரோட்டாரோடு சேர்ந்து தண்ணீரைத் தள்ளும் தகடுகள்) விரலால் பிடித்து நேராக இழுங்கள். காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதால் சிறு எதிர்ப்பு இருக்கும், பிறகு சட்டென்று விடும். விடாவிட்டால் பலம் காட்டாதீர்கள், திரும்ப ஊறவையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் தண்டு போய்விடும்.

ரோட்டாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காந்த உருளையின் மேல் மெல்லிய வெள்ளைத் தோல் போல ஓடியிருக்கும், தகடுகளின் அடியில் ஊதா நிறத்தில் கோரலைன் புள்ளிகள், மூலையில் இரண்டு மூன்று சுருள் புழு ஓடுகள். ரோட்டாருக்கும் அதன் அறைச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இந்த மெல்லிய தோலே உராய்வைக் கூட்டிச் சூட்டையும் சத்தத்தையும் தருகிறது. அந்தச் சூடு மேலும் சுண்ணாம்பைப் படியவைக்கிறது.

பாகங்களைக் கலக்காத வினிகரில் ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுவையுங்கள். ஓ-ரிங்கையும் ரப்பர் புஷ்ஷையும் நீண்ட நேரம் ஊறவைக்காமல், துணியால் துடைத்து அலசித் தனியாக வையுங்கள். ரோட்டார் அறையின் உட்புறத்தைப் பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ்ஷாலும், தண்டு நிற்கும் அடிக்குழியைப் பஞ்சுக் குச்சியாலும் துடைத்தெடுங்கள். இந்தக் குழியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் துணுக்கு பம்பை மறுபடியும் இரைய வைக்கும். கரையாமல் நிற்கும் புள்ளியைப் பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் தள்ளிப் பாருங்கள். இரும்புக் கம்பி நார் எதன் மேலும் படக்கூடாது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு இன்னும் வேகமாகப் பற்றும்.

காந்தத்தின் மேலுறையில் விரிசல், உப்பல், துருக் கசிவு எது தெரிந்தாலும் அந்த ரோட்டாரைத் திரும்பத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தம் துருப்பிடித்து உலோகம் தண்ணீரில் கலக்கும். கண்ணாடி துடைக்கும் காந்தங்களுக்கும் இதேதான்.

திரும்பச் சேர்த்ததும் விரலால் சுழற்றிப் பாருங்கள். காந்தம் இழுத்து இழுத்து விடுவது போல இருப்பது சரி. உரசுவது போல இருந்தால் மறுபடி பிரியுங்கள்.

ஹீட்டர்

அணைத்த உடனே வெளியே எடுக்காதீர்கள். தண்ணீரிலேயே அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் சட்டென்று காற்றுக்கோ குளிர்ந்த கரைசலுக்கோ போனால் விரிசல் விடும். ஹீட்டர் அமில வாளியில் இருக்கும்போது பிளக் பக்கமே போக வேண்டாம்.

மேலே படிந்த சுண்ணாம்பு ஒரு போர்வை மாதிரி. உள்ளிருக்கும் சூடு தண்ணீருக்கு வரத் தாமதமாகும், தெர்மோஸ்டாட் ஏமாறும். சரிபாதி வினிகரில் ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, மென்மையான துணியால் துடைத்தால் போதும். அலசியபின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே ஈரப்பனி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்த ஹீட்டர் ஆபத்து, தூக்கிப் போட்டுவிடுங்கள். திரும்ப வைத்ததும் தண்ணீரின் வெப்பநிலைக்கு வர கால் மணி நேரம் விட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ஸ்கிம்மர்

ஸ்கிம்மரில் இருவகை அழுக்கு உண்டு. கப்பிலும் கழுத்திலும் இருப்பது கரிமக் கொழுப்பு, அதை வெதுவெதுப்பான தண்ணீரும் பிரஷ்ஷும் பார்த்துக்கொள்ளும். பம்பிலும் காற்று உள்ளே வரும் குறுகிய வாயிலும் இருப்பது சுண்ணாம்பும் உப்பும். அமிலத்தை அங்கே செலவழியுங்கள்.

காற்றுக் குழாயின் உள்முனையில் காற்றும் உப்புத்தண்ணீரும் சந்திப்பதால் உப்பு உலர்ந்து பாதையை அடைத்துவிடும். குமிழி குறைந்தால் நான் முதலில் செய்வது இதுதான்: ஸ்கிம்மர் ஓடும்போதே காற்றுக் குழாயின் வெளிமுனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்ஓ (வடிகட்டிச் சுத்திகரித்த) தண்ணீரில் சில விநாடி நனைத்து உறிஞ்சவிடுவேன். இதில் வினிகர் கலக்கக்கூடாது, அது நேராகத் தொட்டிக்குப் போகும். இதற்கும் சரியாகாவிட்டால் கழற்றி ஊறவைக்க வேண்டியதுதான்.

அக்ரிலிக் உடலை வினிகர் ஒன்றும் செய்யாது. கொதிநீர் வளைக்கும், ஆல்கஹாலும் அசெட்டோனும் நுண்விரிசல் விழவைக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு எந்தக் கருவியிலும் வேண்டாம், ஸ்கிம்மரில் நிச்சயமாக வேண்டாம். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் கப் நிரம்பி வழியும்.

பிஹெச் ப்ரோப்

தண்ணீரின் அமில-கார அளவைக் காட்டும் இந்த ப்ரோப் மென்மையான பொருள். முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழைத் தேய்க்கவே கூடாது. முனை மட்டும் மூழ்கும்படி வினிகரில் பத்து நிமிடம் வைத்து, ஆர்ஓ தண்ணீரில் அலசி, பொட்டாசியம் குளோரைடு கொண்ட சேமிப்புக் கரைசலில் சில மணி நேரம் வையுங்கள். பிறகு பிஹெச் 7, 10 என அளவு தெரிந்த கரைசல்களில் வைத்து மறு அளவீடு செய்யுங்கள். இதைச் செய்யாமல் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஆர்ஓ தண்ணீரிலேயே ப்ரோப்பை ஊறப்போட்டு வைக்கவும் கூடாது, உள்ளிருக்கும் உப்பு கசிந்து வெளியேறும். வெப்பநிலை ப்ரோப்புக்கும் உப்பளவு ப்ரோப்புக்கும் இவ்வளவு கவலை வேண்டாம், வினிகரில் நனைத்துத் துடைத்தால் சரி.

குழாயும் வால்வும்

பின்னோக்கித் தண்ணீர் வராமல் தடுக்கும் வால்வை மறந்துவிடாதீர்கள். அதன் மடிப்பில் ஒரே ஒரு புழு ஓடு ஒட்டியிருந்தாலும் முழுக்க மூடாது. மின்சாரம் போகும் வரை அது தெரியாது, தெரியும்போது தரையெல்லாம் தண்ணீர். கழற்றக்கூடிய வால்வு என்றால் பம்போடு சேர்த்து அதையும் ஊறவையுங்கள். கால்சியத்துக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புநீர் சொட்டும் குழாய்களின் முனை அடைபட்டிருந்தால் ஒரு டம்ளர் வினிகரில் அரை மணி போதும்.

அமிலம் படக்கூடாதவை

உயிர்ப்பாறையும் (தொட்டியில் வைக்கும், நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை) அரகோனைட் மணலும் சுண்ணாம்புதான். வினிகரில் போட்டால் அழுக்கோடு பாறையும் கரையும். தொட்டிக்குக் கால்சியம் தரும் கால்சியம் ரியாக்டரின் உள்ளே போடும் துகள்களும் அப்படியே. எல்ஈடி விளக்குகளின் அலுமினியப் பகுதி, செம்போ பித்தளையோ கொண்ட எந்தப் பாகமும் அமிலத்துக்குக் காட்டக்கூடாதவை. செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறால்களையும் நத்தைகளையும் பவளங்களையும் கொல்லும். அப்படி ஒரு பாகம் தொட்டித் தண்ணீருக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் சுத்தம் செய்வதைவிட அதை வெளியேற்றுவதே முதல் வேலை.

தண்ணீர் உள்ள தொட்டியின் கண்ணாடியில் வினிகர் தடவவும் வேண்டாம், அங்கே சுரண்டிதான் வழி. அமிலம் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: 100 லிட்டர் தொட்டியில் 100 மில்லி வினிகர் விழுந்தால் காரத்தன்மை சுமார் 2.3 டிகேஹெச் இறங்கும். பவளங்களுக்கு அது சட்டென்று விழுந்த அடி. பாக்டீரியாக்கள் அந்த அசெட்டேட்டைத் தின்று பெருகும்போது தண்ணீர் கலங்கி ஆக்சிஜனும் குறையும்.

அலசித் திரும்ப வைப்பது

மேலே சொன்ன கணக்கைத் தலைகீழாகவும் பார்க்கலாம். அலசிய பம்பில் ஒட்டியிருக்கும் சில சொட்டுகளால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். ஆனால் பம்பின் உள்ளறையில் தேங்கியிருப்பது சில சொட்டு இல்லை. அதனால் முதலில் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் ஒரு வாளி நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஓடவிடுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் என்றால் கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில். மூக்கருகே வைத்தால் வினிகர் வாடை வரக்கூடாது. சிட்ரிக்குக்கு வாடை கிடையாது என்பதால் கடைசி வாளித் தண்ணீரில் பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள்.

சுத்தமான பம்ப் முன்பைவிட வேகமாகத் தள்ளும். வேவ்மேக்கரைப் பழைய வேகத்திலேயே வைத்தால் மணல் கிளம்பலாம், பவளத்தின் சதை கண்ணாடியோரம் அறைபடலாம். ஒரு படி குறைத்து ஓடவிட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்கிம்மரும் கழுவிய பிறகு ஓரிரு நாள் தாறுமாறாக நுரைக்கும் அல்லது நுரையே கட்டாது. கப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பொறுத்திருங்கள், தானாகச் சீராகும்.

வாளியில் மிஞ்சிய கரைசல் குமிழி நிற்கும்வரை வேலை செய்திருந்தால் அதில் அமிலம் கொஞ்சமே மிச்சம். சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவி, நுரைப்பது நின்றதும் நிறையத் தண்ணீரோடு சாக்கடைத் துளையில் விட்டுவிடலாம். செடிக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பும் இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வேவ்மேக்கருக்கு மூன்று மாதம், ரிட்டர்ன் பம்புக்கு ஆறு மாதம், ஹீட்டருக்கு வெள்ளை கண்ணில் பட்டதும் என்பது என் வழக்கம். காரத்தன்மையை 10க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், சுண்ணாம்புநீர் சேர்ப்பவர்களுக்கும் இது இன்னும் சீக்கிரமே வரும். திடீரென்று இரண்டு வாரத்திலேயே ரோட்டார் வெளுத்துவிட்டால் பம்பைக் கழுவுவதோடு நிறுத்தாமல் கால்சியம், காரத்தன்மை, மக்னீசியம் மூன்றையும் சோதியுங்கள். மக்னீசியம் லிட்டருக்குச் சுமார் 1300 மில்லிகிராமுக்கு அருகே இல்லாமல் மிகவும் இறங்கியிருந்தால் சுண்ணாம்பு எளிதாகப் பிரிந்து படியும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் அடுத்த மாதமே பம்ப் இரையும்.

ஒவ்வொரு பம்புக்கும் ஒரு மாற்று இம்பெல்லரும் தண்டும் வாங்கி, எந்தப் பம்புடையது என்று எழுதி, வினிகர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கழுவும் நாளில் மாற்றை மாட்டித் தொட்டியை உடனே ஓடவிட்டுவிட்டு, பழையதை நிதானமாக மறுநாள் காலைவரை ஊறவிடலாம்.